பொதுச்சுவர்

கோவில்பட்டி
20.4.2025

அன்புத் தம்பி செண்பகராஜுக்கு,

அக்கா வள்ளித்தாய் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. சூரத்தில் நீயும் சுகுணாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் பேசினால் "நல்லாயிருக்கியா"வில் தொடங்கி "வையி போனை"யில் முடிகிறது. கடிதத்தில் திட்டினால், அது உன் கைக்கு வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும். ஆகவே வீட்டை விற்கிற பேச்சு முடியும்வரை தபால்தான்.

அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த இந்த வீட்டை விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீதான் அங்கே இருந்துகொண்டு "நாம பிறந்த வீடு" என்று உருகுகிறாய். அடுப்படி ஒழுகும்போது வாளி வைக்கிறவள் நான். விற்று, என் பங்கில் இலுப்பையூரணிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கப்போகிறேன். கல்யாணமானதும் மாமியார் வீடு. உன் அத்தான் போனபிறகு, கைப்பிள்ளை ஐஸ்வர்யாவோடு அப்பா வீடு. இனி மதுரையில் மகள் வீடும் வேண்டாம், தம்பி வீடும் வேண்டாம். எனக்கென்று ஒரு வீடு வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

'ஏழாம் நாள் ஹோம்ஸ்' என்று ஒரு கம்பெனி ஊருக்குள் மைக் கட்டிய ஆட்டோவை விட்டிருக்கிறது. இன்று வீட்டைக் காட்டினால் ஏழாம் நாள் பணமாம். நல்லவேளை, பதினாறாம் நாள் என்று பேர் வைக்கவில்லை. மணிகண்டபிரபு என்று ஒரு பையன் வந்து சுவர்களைப் போட்டோ எடுத்தான். உன் நம்பரைக் கேட்டான், கொடுத்திருக்கிறேன்.

சுகுணாவுக்கு என் அன்பு.

அக்கா
வள்ளித்தாய்


சூரத்
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறாயா?

கம்பெனி அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வடக்குச் சுவரில் தரையிலிருந்து உத்தரம்வரை விரிசல். படத்துக்குப் படம் சிவப்பு வட்டம் போட்டு, இன்ஜினியர் கையெழுத்தோடு ரிப்போர்ட் வந்திருக்கிறது. அஸ்திவாரம் போய்விட்டதாம், எப்போது வேண்டுமானாலும் இடியுமாம். அந்தச் சுவர் ஓரமாகத்தானே நீ கட்டில் போட்டிருக்கிறாய்?

ஊர் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தருகிறார்கள். இடிகிற வீட்டுக்கு அதுவே பெரிது. கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களோடு வந்து இரு. ஹால் பெரியது. சுகுணாவும் சந்தோஷப்படுவாள்.

தம்பி
செண்பகராஜ்


கோவில்பட்டி
12.5.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். கட்டிலும் நலம். இன்றும் அந்தச் சுவர் ஓரத்தில்தான் படுத்தேன், எழுந்துவிட்டேன்.

ஏலே, சூரத்துக்குப் போய் முப்பது வருஷத்தில் நம்ம மண்ணையுமா மறந்துவிட்டாய்? கரிசல் சித்திரையில் வாயைப் பிளக்கும், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். அதன்மேல் நிற்கிற சுவர் மட்டும் சும்மா இருக்குமா? ஒவ்வொரு கோடைக்கும் அந்த விரிசல் வரும், மழைக்குப் போகும். வெயில் காலத்தில் கதவு தானாகத் திறக்கும், மழைக் காலத்தில் இழுத்தாலும் சாத்தாது. இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். ஆவணி வரை கொளுத்திவிட்டு மழை இறங்கட்டும், அப்புறம் அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டு எங்கே விரிசல் என்று தேடச் சொல்.

பாதி விலைக்கு விற்றால் என் பங்கில் ஒரு வீட்டின் வாசல்படியைத்தான் வாங்க முடியும். அதில் நான் உட்காரலாம், படுக்க முடியாது.

உன் ஹாலில் எனக்கு இடம் உண்டு என்று தெரியும். அதனால்தான் அது வேண்டாம். மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிற பகுதி முழுக்க என் பொறுப்பில் இருக்கிறது. சூரத்தில் வந்து யார் பாக்கெட்டை ஒட்டுவேன்?

கோபித்துக்கொள்ளாதே. சாப்பாட்டைக் கவனி.

வள்ளித்தாய்


சூரத்
3.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் படித்தவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் போனில் சம்மதம் சொல்லிவிட்டேன். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சீக்கிரம் முடித்துக் கொடு.

இனி கீழே உள்ள முகவரிக்கு எழுது.

செண்பகராஜ்


கோவில்பட்டி
14.6.2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நீ வேலை பார்க்கிற மில்லுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டை ஏன் மாற்றினாய்? பெரிய ஹால் என்றாயே. புது வீட்டில் எத்தனை அறை? சுகுணா ஆசையாக மாட்டியிருந்த ஊஞ்சலுக்கு அங்கே இடம் உண்டா?

கையெழுத்து விஷயத்தில் நான் இறங்குகிறதாக இல்லை. நீ சம்மதம் சொன்னால் உன் பாதிக்குச் சொன்னாய். என் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது.

பதில் போடு.

வள்ளித்தாய்


கோவில்பட்டி
22.7.2025

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருந்தாலும் கோபம் என்று எழுதலாமே. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். முழங்கால் வலி அப்போது மட்டும் தெரிவதில்லை.

உனக்கு ஒரு சேதி. நமக்கு வடக்கு வீட்டு வாசிமை உனக்கு ஞாபகம் இருக்கும், எதிர்வீட்டு ரசூல் பீவியின் அண்ணன் மகன். துபாயில் இருக்கிறான். இந்தப் பங்குனியில் வீட்டை விற்றான் அல்லவா? வாங்கியது இதே ஏழாம் நாள் கம்பெனியாம். நேற்றுத்தான் ரசூல் பீவி சொன்னாள். அவனுக்கும் படம் அனுப்பியிருக்கிறார்கள். அதே சிவப்பு வட்டம், அதே ரிப்போர்ட். பையன் பயந்துபோய்ப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது நன்றாகக் கேள். அவன் வீட்டுக்குத் தெற்குச் சுவரும் நம் வீட்டுக்கு வடக்குச் சுவரும் ஒன்றுதான். பொதுச்சுவர். அவர்கள் அவனுக்கு அனுப்பிய விரிசலும் உனக்கு அனுப்பிய விரிசலும் ஒரே விரிசல்தான். அந்தப் பக்கம் நின்று ஒரு படம், இந்தப் பக்கம் நின்று ஒரு படம்.

"இடியப் போற வீடுன்னா வாங்கினவன் இடிச்சுப்போட்டுல்லா புதுசு கெட்டணும்? நாலு மாசமா பூட்டி வச்சிருக்கானே வள்ளி, என்னத்துக்கு?" என்று ரசூல் பீவி கேட்டாள். நானும் யோசித்தேன். இவர்களுக்கும் மண்ணைப் பற்றித் தெரியும் தம்பி. தெரியாதவர்கள் மாதிரி நடிக்கிறார்கள். கோடையில் மட்டும் ஆட்டோ விடுகிறார்கள், வெளியூரில் இருந்துகொண்டு மறந்துபோனவர்களாகப் பார்த்துப் படம் அனுப்புகிறார்கள். பூட்டின வீட்டை எப்போது விற்கப் போகிறார்கள் என்று நினைக்கிறாய்? மழைக்குப் பிறகுதான்.

நானும் மழைக்குக் காத்திருக்கப் போகிறேன்.

வள்ளித்தாய்


சூரத்
2.8.2025

அன்பு மதினிக்கு, சுகுணா எழுதிக்கொள்வது.

உங்கள் உடம்பு சுகமா? ஐஸ்வர்யாவும் அவள் பிள்ளைகளும் சுகமா?

நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டார். மதினி, பங்குனியிலேயே மில்லை மூடிவிட்டார்கள். இன்னும் திறக்கவில்லை. நாங்கள் ஓர் அறை வீட்டுக்கு வந்துவிட்டோம். உங்களை வந்து ஹாலில் இருக்கச் சொல்லி இவர் எழுதினாரே, அப்போதே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், சாயங்காலம் வருகிறார். எங்கே போகிறார் என்று நான் கேட்பதில்லை. டிபன் பாக்ஸில் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது.

உங்கள் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பதில் எழுத உட்காருவார், "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார். அவசரம் என்று அவர் சொல்வது பேராசையால் அல்ல மதினி. அதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதினேன். கையெழுத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

சுகுணா


கோவில்பட்டி
11.8.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். ஆடிக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது, சோற்றில் பாதி கரிசல்தான்.

வீட்டு விஷயத்தை ஓரமாக வைப்போம். எனக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். எங்கள் கம்பெனியில் இந்தத் தீபாவளிக்கு வடக்கே ஆர்டர் பிடித்துத் தருகிறவர்களுக்கு நல்ல கமிஷனும் பேரும் உண்டு என்று முதலாளி சொல்கிறார். சூரத்தில் நம்ம ஊர்க்காரர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கடலைமிட்டாய் என்றால் நாக்கு ஊறாதா? சுகுணா நாலு வீட்டில் பேசி ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் எனக்கு இங்கே பெருமை. கமிஷனை அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்குப் பேர் போதும். அழகிரிசாமி என்று எங்கள் மேஸ்திரி, பெட்டிகளை ரயிலில் போட்டுவிட்டார். வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொல்லிவிடாதே. எனக்கு மானம் போய்விடும்.

கம்பெனிப் பையன் மணிகண்டபிரபு போன வாரமும் வந்தான். "ஆடியில பத்திரத்துல கை வைக்க மாட்டோம் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதத்துக்கு வேறு காரணம் யோசிக்க வேண்டும்.

வள்ளித்தாய்


சூரத்
20.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே.

மிட்டாய் வந்து சேர்ந்தது. உனக்காகத்தான் சுகுணா ஒத்துக்கொண்டாள். இப்போது பெட்டி பெட்டியாகப் போகிறது. திருநெல்வேலிக்காரர்கள், சாத்தூர்க்காரர்கள் எல்லாம் போன் போட்டுக் கேட்கிறார்கள். கடம்பூர் போளி கிடைக்குமா என்கிறார்கள், அது இங்கே வருவதற்குள் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டேன். நானும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காலையில் போனால் மதியம் ஆகிவிடுகிறது. நல்ல பசி எடுக்கிறது.

மணிகண்டபிரபு என்னையும் விடாமல் கூப்பிடுகிறான். தொகையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். ஏன் மழைக்கு முன்னால் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான். நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் இஷ்டப்படி செய் அக்கா.

செண்பகராஜ்


கோவில்பட்டி
1.12.2025

என் தங்கத் தம்பிக்கு,

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். இது வருவதற்குள் உனக்குப் போன் வரும். "கிளம்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சண்டை போட நேரம் கொடுக்கமாட்டேன். ஏன் கிளம்ப வேண்டும் என்பதைக் கடிதத்தில் படித்துக்கொள்.

ஐப்பசியில் நல்ல மழை. கோடையில் விரல் நுழைந்த விரிசலில் இப்போது ஊசியும் நுழையாது. போன வாரம் வாசிம் வீட்டைக் கம்பெனிக்காரர்கள் திறந்தார்கள். வெள்ளையடித்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: 'விற்பனைக்கு. உறுதியான கட்டடம். விரிசல் இல்லாத சுவர்கள்.' நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். ஒரே சுவர் தம்பி! இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் பயில்வான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மணிகண்டபிரபு பத்திரத்தோடு வந்தான். அதே நேரத்தில் வாசிம் வீட்டைப் பார்க்கக் கடம்பூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவன் அவர்களுக்குச் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். தட்டுகிற சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. இதற்குமேல் எனக்கு யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்?

வாசலுக்குப் போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "தாயி, சுவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பாத்தா எப்படி? இந்தப் பக்கத்தையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்றேன். இருவரும் வந்தார்கள். பின்னாலேயே ரசூல் பீவி, அவளுக்குப் பின்னால் தெரு. சித்திரையில் கம்பெனி எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்த அந்த ரிப்போர்ட்டை எடுத்து மணிகண்டபிரபு கையில் கொடுத்தேன்.

"தம்பி, எனக்குக் கண்ணு மங்கல். இதைச் சத்தமாப் படிங்க, இவியளும் கேக்கட்டும்."

"அது எதுக்கும்மா இப்ப?"

"நீங்க எழுதினதுதானே? படிக்க என்ன கூச்சம்?"

அவன் படிக்கவில்லை. ரசூல் பீவி வாங்கித் தன் பேத்தி ஷிரின் கையில் கொடுத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "வடக்குச் சுவர் எந்நேரமும் இடிந்து விழக்கூடும்." கடம்பூர்க்காரர் வெளியே போய்ப் போர்டைப் பார்த்தார், உள்ளே வந்து சுவரைப் பார்த்தார், பிறகு மணிகண்டபிரபுவைப் பார்த்தார்.

"என்னவே, அந்தப் பக்கம் நின்னா நிக்குது, இந்தப் பக்கம் நின்னா விழுதா?"

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது அல்லவா? அந்த அம்மாவிடம், "பயப்படாதீங்க தாயி. சுவரு விழாது. கோடையில வெடிக்கும், மழையில மூடும், நம்ம மண்ணு அப்படி. போர்டும் பொய்யி, ரிப்போர்ட்டும் பொய்யி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க வீடு என்ன விலைம்மா? உண்மையைச் சொல்லுதவங்ககிட்ட வாங்கினா நிம்மதி" என்றாளே பார்க்கலாம்!

மணிகண்டபிரபு போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். அவன் முதலாளி என்ன சொன்னாரோ, திரும்பி வரும்போது சட்டை முதுகு நனைந்திருந்தது. என் வீடு கைக்கு வராததோடு முடியாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நான் இங்கே உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் படித்தால் அந்த வீடும் போகாது.

"ஊர் விலை தாரோம்மா. முழுசா."

"பணம் எப்பம்?"

"சீக்கிரம்மா."

"சீக்கிரம்னு உங்க ஆட்டோவுல சொல்லலியே. ஏழாம் நாள்னுல்லா சொல்லுதீங்க? ஏழாம் நாள் பணம் வரணும். எட்டாம் நாள் ஆச்சுன்னா வீடு இந்தக் கடம்பூர் அம்மாவுக்கு."

ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டான் தம்பி. ஏழு மாதம் அலைந்த ஏழாம் நாள் கம்பெனிக்குக் கடைசியில் வாக்கைக் காப்பாற்ற ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறேன். போகும்போது பாவமாக இருந்தது. ஒரு டீ கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன்.

மார்கழிக்கு முன்னால் பத்திரம். கிளம்பி வா. சுகுணாவையும் கூட்டி வா.

வள்ளித்தாய்


சூரத்
16.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பணமும் கணக்கில் வந்துவிட்டது, அவர்கள் சொன்ன நாளிலேயே.

உன்னோடு இருந்த நாட்களில் சொல்ல நினைத்து, வாய் வராமல் ரயில் ஏறிவிட்டேன். மில் பங்குனியிலேயே மூடிவிட்டது அக்கா. ஹால் என்று நான் எழுதியபோதே அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பயந்துபோய் உன் பங்கையும் சேர்த்துப் பாதி விலைக்குத் தள்ளப் பார்த்தேன். நீ மட்டும் இறங்கி வந்திருந்தால் இன்று நம் இரண்டு பேருக்குமே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கே ஒரு சின்னக் கடை பிடிக்கப் போகிறோம். கடலைமிட்டாய், சேவு, காராச்சேவு, நம்ம ஊர்ச் சாமான் எல்லாம். கடை சுகுணா பேரில். அவள்தான் முதலாளி, நான் ஸ்கூட்டர்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மிட்டாய் அனுப்பினாயே, உண்மையிலேயே உங்கள் முதலாளி ஆர்டர் கேட்டாரா?

செண்பகராஜ்


இலுப்பையூரணி
2.2.2026

அன்புத் தம்பி செண்பகராஜுக்கு,

அக்கா மிக மிக நலம். முழங்காலும் நலம், இந்த வீட்டில் ஒரு படிதான். கடை திறந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். முதலாளியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த லோடில் எள்ளுருண்டையும் வருகிறது.

தையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினேன். ஐஸ்வர்யா பிள்ளைகளோடு வந்தாள். ரசூல் பீவி ஒரு குத்துவிளக்கு வாங்கி வந்தாள். இரண்டு அறை, ஓர் அடுப்படி, பின்னால் முருங்கை வைக்க இடம். பில்லர் போட்டுக் கட்டினது, ஆனாலும் மண் நம்ம மண்தானே, கோடைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பத்திரத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பேர். எழுத்தர் வாசித்துக் காட்டும்போது, காது நன்றாகக் கேட்டும், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் வீட்டுவரி ஆள் வந்து கதவைத் தட்டினார். சின்னப் பையன், புதுசு.

"அம்மா, வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காரு."

"கொஞ்சம் கூப்பிடுதீங்களா? அவர்கிட்டதான் கையெழுத்து வாங்கணும்."

"செத்த நில்லுங்க" என்று உள்ளே போனேன். முகத்தைக் கழுவினேன். நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டினேன். கண்ணாடி பார்த்துத் தலையை வாரிக்கொண்டேன். அந்தப் பையன் வெளியே நிற்கிறானே என்று எனக்குக் கொஞ்சமும் அவசரம் வரவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன்.

"வந்துட்டேன், சொல்லுங்க."

"இல்லம்மா... வீட்டுக்காரர்..."

"நாந்தாம்லே வீட்டுக்காரர்."

அவன் பேனாவை என்னிடம் நீட்டினான்.

அக்கா
வள்ளித்தாய்